தண்ணி வெச்சா பாடுதுங்க சார்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கையின் பேத்தி பல்லடம் வந்திருந்தாள். எட்டாம் வகுப்பு. பள்ளிக் கண்காட்சிக்காக யூடியூப் பார்த்து ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் செய்திருக்கிறாள். பாடவில்லை. "வீடியோல இருக்கிற மாதிரியேதான் தாத்தா செஞ்சேன்" என்று டப்பாவோடு மூலையில் வைத்துவிட்டாள். "வீடியோ போட்டவருக்கு மொதத் தடவையே பாடியிருக்கும்னா நெனைக்கிற?" என்று கேட்டு, அவளை உட்காரவைத்து ரேடியோ வந்த கதையைச் சொன்னேன். சொல்லும்போதே என் கதையும் ஒன்று வந்துவிட்டது. இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டில் ரேடியோ அரசாங்கம் கொண்டுவந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படியில்லை. முதலில் ஒலிபரப்பியவர்கள் பொழுதுபோக்காகக் கம்பியும் சுருளும் வைத்து நோண்டிக்கொண்டிருந்த ஆட்கள்தான். 1923-ல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரேடியோ கிளப்புகள் தொடங்கின. அதே ஆண்டு கொழும்பில் தந்தி இலாகா பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் சோதனை ஒலிபரப்பு செய்தார். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றிலிருந்து கழற்றிய கருவிகளை வைத்து டிரான்ஸ்மிட்டர் கட்டினார்களாம். 1925 டிசம்பரில் அது முறையான நிலையமாகி, பிற்பாடு நாம் காது குளிரக் கேட்ட இலங்கை வானொலியாக வளர்ந்தது.

சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரின் முயற்சியில் 1924 மே 16-ல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் உருவானது. ஜூலை 31-ல் ஒலிபரப்பு ஆரம்பம். டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு! அதை வைத்துக்கொண்டு சங்கீதமும் பேச்சும் ஊருக்கு அனுப்பினார்கள். பிறகு 200 வாட்டுக்கு உயர்த்தினார்கள். ஆனால் கையில் காசில்லை. 1927 அக்டோபரில் கிளப் ஒலிபரப்பை நிறுத்தியது. கருவிகளை வீணாக்காமல் சென்னை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தனி நேரமும் அதில் உண்டு. ஆசிரியனான எனக்கு இந்தத் தகவல் எப்போதும் இனிக்கும். 1938 ஜூன் 16-ல்தான் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது. அதுவரை வண்டியை இழுத்தது கிளப்பும் மாநகராட்சியும்தான்.

நம் கோவைப் பக்கமும் சளைத்ததில்லை. சூலூர் பக்கத்துக் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தரமுடியும் என்று 1941-லேயே அறிவித்தவர். அவரைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

சரி, அந்தக் காலத்துப் பெட்டிகள் சொன்னபடி கேட்டனவா? இல்லவே இல்லை. பேட்டரியே வேண்டாத கிரிஸ்டல் செட்டில் ஒரு கலீனா கல் இருக்கும், அதன்மேல் ஒரு மெல்லிய கம்பி. (கலீனாவை அலைவாங்கியாகப் பயன்படுத்த முதலில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ், 1901-ல். 1904-ல் கிடைத்தது.) கம்பி கல்லில் எந்த இடத்தைத் தொட்டால் பாடும் என்று யாருக்கும் தெரியாது. குத்திக் குத்திப் பார்க்கவேண்டும். கதவைச் சாத்தினால் அதிர்ந்து விலகிவிடும், மறுபடி குத்தவேண்டும்.

வால்வு செட்டில் தொல்லை வேறு மாதிரி. 1912-ல் அமெரிக்காவில் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற கல்லூரி மாணவர், வால்விலிருந்து வெளியே வரும் சத்தத்தில் கொஞ்சத்தை மறுபடி அதன் வாசலிலேயே கொண்டுவந்து விட்டார். சின்ன சமிக்ஞை மளமளவென்று பெருகியது. ஒரே வால்வில் தூரத்து நிலையமெல்லாம் கேட்டது. ஆனால் குமிழை ஒரு முடி அதிகம் திருப்பினால் பெட்டி ஊளையிடும். அதோடு போகாது. அந்தப் பெட்டியே குட்டி டிரான்ஸ்மிட்டராகி, பக்கத்து வீட்டு ரேடியோவிலும் விசில் அடிக்கும். உலகம் முழுக்க இதனால் அண்டை வீட்டுச் சண்டை.

15 வருஷம் கழித்து ஹெரால்ட் பிளாக் என்ற பொறியாளர் இதற்கு நேர்எதிராக யோசித்தார். தொலைபேசிப் பேச்சை வெகுதூரம் அனுப்ப வழியில் பல ஆம்ப்ளிஃபயர்கள் வேண்டும். ஒவ்வொன்றும் குரலைக் கொஞ்சம் கெடுக்கும். 1927 ஆகஸ்ட் 2 காலை வேலைக்குப் படகில் போய்க்கொண்டிருந்தபோது அவருக்குப் பொறி தட்டியது. கையிலிருந்த செய்தித்தாளின் மேலேயே படத்தை வரைந்தார். வெளிவருவதில் ஒரு பங்கைத் திருப்பி விட்டார், ஆனால் பெருக்குவதற்கு அல்ல, அடக்குவதற்கு. பெருக்கம் குறையும், ஆனால் நிதானம் வந்துவிடும். வேண்டுமென்றே பெருக்கத்தைக் குறைப்பதா என்று பலருக்கு நம்பிக்கை வரவில்லை. காப்புரிமை கையில் வர 1937 ஆகிவிட்டது. நம் சென்னை கிளப் மூடியதும் அதே 1927-ல்தான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, எனக்கு ஆண்டை நினைவில் வைக்க ஒரு வழி.

இனி என் கதை.

1986 என்று நினைவு. பல்லடம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் இருந்தேன். ஆசிரியர் பயிற்சி முடித்து வந்த புதுசு, அறிவியல் என்றால் ஒரு வேகம். கண்காட்சிக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ செய்தோம். பழைய புத்தகத்தில் இருந்த படம். சுருள், கேங் கண்டென்சர், ஒரு டையோடு, ஏசி 126 என்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் ஒன்று, இரண்டாயிரம் ஓம் ஹெட்ஃபோன். வேப்ப மரத்தில் ஏரியல். காலை பிரேயருக்கு முன்னால் கோவை நிலையம் கணீரென்று கேட்டது. தலைமையாசிரியரே ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டார்.

மத்தியானம் கரகரப்பு. அப்புறம் ஊமை. மறுநாள் காலை மறுபடி பாட்டு, மத்தியானம் ஊமை. மார்ச் மாதம், ஓட்டுக் கட்டடம். நான் பேட்டரியை மாற்றினேன், சாலிடரை எல்லாம் மறுபடி வைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

மூன்றாம் நாள் சாப்பாட்டு மணி முடிந்து வந்தால், ஒரு பையன் ஈரக் கைக்குட்டையை டிரான்சிஸ்டர் தலையில் சுற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "சார், தண்ணி வெச்சா பாடுதுங்க சார்" என்றான். கரண்ட் சாமானில் தண்ணீரா என்று எனக்கு ஆத்திரம். அவன் நீட்டிய ஹெட்ஃபோனைக் காதில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. ரேடியோ கெட்டதே இவனால்தான் என்று முடிவுகட்டி, எல்லோர் முன்னாலும் உள்ளங்கையில் இரண்டு அடி. கண்காட்சிக் குழுவிலிருந்தும் எடுத்துவிட்டேன். ரேடியோ கண்காட்சிக்குப் போகவில்லை.

விஷயம் எனக்குப் புரிய ஏழெட்டு வருஷம் ஆயிற்று. டிரான்சிஸ்டரை ஒரு மடை என்று வையுங்கள். ஒரு மின்தடை வழியாகச் சின்ன மின்னோட்டம் கொடுத்து மடையைப் பாதி திறந்து வைக்கிறோம். ஜெர்மானியத்தில் மடைக்கு அடியில் எப்போதும் ஒரு கசிவு உண்டு. சூடு சுமார் 10 டிகிரி ஏறினால் அந்தக் கசிவு இரட்டிப்பாகும். மத்தியான வெயிலில் கசிவு பெருகி, மடை முழுக்கத் திறந்துகொள்ளும். முழுக்கத் திறந்த மடையை மேலும் கீழும் ஆட்ட முடியாது, அதனால் பாட்டு இல்லை. சிலிக்கான் டிரான்சிஸ்டர் வந்து ஜெர்மானியத்தை ஓரங்கட்டியதற்கு இந்தக் கசிவு ஒரு முக்கியக் காரணம். குளிர்ந்த இங்கிலாந்தில் யாரோ மேசைமேல் வைத்துப் பார்த்து வரைந்த படம், பங்குனி வெயிலில் பல்லடத்து ஓட்டுக் கட்டடத்துக்குப் பொருந்தவில்லை.

சரிசெய்யும் வழி சிரிப்பு வரும் அளவுக்குச் சின்னது. பேட்டரியிலிருந்து வந்த அந்த மின்தடையின் ஒரு முனையைக் கழற்றி, டிரான்சிஸ்டரின் கலெக்டரில் வைக்கவேண்டும். மின்தடையின் மதிப்பை ஏறக்குறையப் பாதியாக்கவேண்டும். அவ்வளவுதான். இப்போது மின்னோட்டம் ஏறினால் கலெக்டர் மின்னழுத்தம் இறங்கும், மடைக்குப் போகும் ஊட்டமும் தானாகக் குறையும். சத்தம் ஒரு பிடி குறைவாக இருக்கும், ஆனால் மத்தியானமும் பாடும். படகில் பிளாக் வரைந்தாரே, அதே யோசனைதான். செலவு ஒரு மின்தடை. அன்றைக்குச் சில பைசா.

அந்தப் பையன் இன்று திருப்பூரில் நிட்டிங் மெஷின்களின் கன்ட்ரோல் போர்டு பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் சொந்தக்காரர் ஒருவரின் போர்டைக் கொடுக்கப் போனபோதுதான் பார்த்தேன். மெஷின் ஒரு மணி நேரம் ஓடினால் நின்றுவிடும், ஆறினால் மறுபடி ஓடும், இதுதான் கோளாறு. அவர் போர்டைச் சூடாக்கிவிட்டு, ஒரு ஸ்ப்ரே டப்பாவை எடுத்து ஒவ்வொரு பாகமாகப் புஸ் புஸ் என்று அடித்தார். உறையவைக்கும் ஸ்ப்ரே. நாலாவது பாகத்தில் அடித்ததும் போர்டு உயிர் பெற்றது. "இதுதானுங்க சார் கோளாறு" என்றார். நான் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டாம் வகுப்பில் அவர் கைக்குட்டையில் செய்தது இதுவேதான். உலகம் முழுக்கப் பழுதுபார்ப்பவர்கள் கையாளும் முறை.

ஈரத் துணி விஷயத்தை எடுத்துச் சொன்னேன். அன்று நான் செய்தது தப்பு என்றும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அப்படியாங்க சார், எனக்கு அடி மட்டுந்தான் ஞாபகம்" என்றார். டீ வரவழைத்தார். கூலி வாங்கவில்லை, நான் எவ்வளவோ சொல்லியும்.

பேத்தியின் ஆம்ப்ளிஃபயரை இருவரும் பிரித்துப் பார்த்தோம். ஸ்பீக்கர் ஒயரில் ஈயம் பந்தாக உருண்டிருந்தது, ஒயரைப் பிடிக்கவில்லை. அவளே கண்டுபிடித்தாள், நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது பாடுகிறது. பின்னால் ஒரு ஊங்காரம் மட்டும் கேட்கிறது. செல்ஃபோன் சார்ஜரில் ஓட்டும்போதுதான் வருகிறதா, பேட்டரியிலும் வருகிறதா என்று பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு வருகிறாள்.