ஓலை நாயகத்தின் வேலை

அரசாங்க அலுவலகத்தில் கிராணி வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். அதிகாரி மாற்றலாகிப் போகும்போது நாற்காலியை விட்டுவிட்டுப் போவார். தனக்குத் தெரிந்ததைக் கையோடு கொண்டு போய்விடுவார். புதிதாக வந்தவர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது பெரியவர் இருந்தப்போ பேசி முடிச்சதாச்சே, என்ன பேசினாங்கன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்பார். யாருக்கும் தெரியாது. சுங்கைப் பட்டாணியில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். நில வரியிலேயே இப்படியென்றால், ஒரு நாடு இன்னொரு நாட்டோடு பேசும் இடத்தில் என்ன ஆகும்?

தூதரகக்காரர்கள் ஓர் ஊரில் இரண்டு, மூன்று வருடம்தான் இருப்பார்கள். ஊர் பிடிபட்டு, யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிகிற நேரத்தில் பெட்டியைக் கட்டச் சொல்லி உத்தரவு வந்துவிடும். அமெரிக்க வெளியுறவுத் துறை இதற்கு ஒரு வழி தேடியது. 1998 ஆகஸ்டில் நைரோபி, டார் எஸ் சலாம் தூதரகங்கள் குண்டுவெடிப்பில் தகர்ந்த பிறகு, வெளிநாட்டுத் தூதரகங்கள் எப்படி இயங்குகின்றன என்று ஆராய ஒரு குழு அமைத்தார்கள். தூதரகங்களின் கணினிகளும் தகவல் தொடர்பும் காலாவதியாகிவிட்டன என்பது அக்குழு சொன்னவற்றில் ஒன்று. அதைத் தொடர்ந்து 'மின்-இராஜதந்திரம்' என்றே ஒரு தனி அலுவலகம் உருவானது. 2006இல் விக்கிப்பீடியா மாதிரி 'டிப்ளோபீடியா' வந்தது. எந்த நாட்டில் வேலை பார்க்கும் அதிகாரியும் தனக்குத் தெரிந்ததை அதில் எழுதலாம், அடுத்தவர் எழுதியதைத் திருத்தலாம். 2011இல் முகநூல் பாணியில், ஊழியர்களுக்குள் மட்டும் பழகிக்கொள்ள 'காரிடார்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். காரிடார் என்றால் நடைபாதை. அலுவலக நடைபாதையில் நின்று பேசுவதைத்தான் கணினிக்குள் கொண்டுவந்தார்கள்.

இதையெல்லாம் வாசித்தபோது எனக்கு ஆனைமங்கலச் செப்பேடுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. நான் இருக்கிற ஊர் அப்படி. சுங்கைப் பட்டாணியிலிருந்து மெர்போக் போகிற வழியில் கொஞ்ச நேரம் கார் ஓட்டினால் பூஜாங் பள்ளத்தாக்கு. சோழர்களின் கல்வெட்டுகளில் கடாரம் என்று வருவது இந்தப் பக்கத்தைத்தான்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எடுப்பித்தான். அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் காலத்தில் அது நிறைவேறியது. அந்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை ராஜராஜ சோழன் எழுதிக் கொடுத்தான். 21ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1006ஐ ஒட்டிய காலம். நிலம் ஏறத்தாழ 97 வேலி. அந்தக் கொடையை மகன் ராஜேந்திரன் நிலைநிறுத்திச் செப்பேட்டில் வெட்டுவித்தான். மொத்தம் 21 ஏடுகள். 5 வடமொழியில், 16 தமிழில். ஹாலந்தின் லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்றும் பெயர்.

நாம் பெருமையாகப் பேசுவது எப்போதும் விகாரத்தைப் பற்றியும் கொடையைப் பற்றியும்தான். எனக்குப் பிடித்தது அதன் தமிழ்ப் பகுதி. ஒரு கிராணி வாசிக்க வேண்டிய பகுதி அது. தஞ்சாவூர் மாளிகையின் ஒரு மண்டபத்தில் இருந்தபோது மன்னன் வாயால் உத்தரவு சொல்கிறான். திருமந்திர ஓலை எழுதுபவன் அதை எழுதுகிறான். எழுதியது சரியா என்று ஓலை நாயகங்கள் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பிறகு அது வரித் திணைக்களத்துக்குப் போகிறது. அங்கே புரவுவரி, வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை என்று ஒவ்வொரு வேலைக்கும் ஆள். வரிக் கணக்கில் அதைப் பதியும்போது யார் யார் இருந்தார்கள் என்று பெயர் பெயராக வருகிறது. கடைசியில் உத்தரவு நாட்டார் கைக்கு வருகிறது. அவர்கள் அதைத் தலைமேல் வைத்து வாங்கி, ஒரு பெண் யானையை எல்லையைச் சுற்றி நடக்கவிட்டு, கல்லும் கள்ளியும் நட்டு, அறவோலை எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

வெளிநாட்டு அரசன் ஒருவனுக்குச் செய்த வாக்குறுதி அது. அரசனுக்கும் அரசனுக்கும் இடையில் மட்டும் இருந்திருந்தால் ஒருவர் செத்ததும் கரைந்து போயிருக்கும். அது பல மேசைகளில் ஏறி இறங்கியது. யானை சுற்றிவந்த பாதையைப் பார்த்த ஊர்க்காரனுக்கும் தெரிந்தது.

அதற்குச் சோதனையும் வந்தது. 1025 வாக்கில் அதே ராஜேந்திரனின் படை கடல் கடந்து போய்க் கடாரத்தை அடித்தது. அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்தது. அத்தோடு உறவு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 65 வருடம் கழித்து, 1090 வாக்கில், முதலாம் குலோத்துங்கனின் 20ஆம் ஆட்சியாண்டில் கடாரத்திலிருந்து இரண்டு தூதர்கள் வருகிறார்கள். ராஜவித்யாதர சாமந்தன் ஒருவர், அபிமானோத்துங்க சாமந்தன் இன்னொருவர். அவர்கள் கேட்டது படையும் இல்லை, பணமும் இல்லை. நாகப்பட்டினத்துப் பள்ளிகளுக்கு உரிய ஊர்களையும் வரி விலக்குகளையும் செப்பேட்டில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மன்னனும் கொடுத்தான். அதுதான் மூன்றே ஏடுகள் கொண்ட சிறிய லெய்டன் செப்பேடு. நடுவில் ஒரு போர் நடந்து, எத்தனையோ அரசர்கள் மாறிவிட்டார்கள். ஆனாலும் எந்த ஊர், எந்த வரி என்ற விவரம் இரண்டு பக்கமும் பேசக்கூடிய நிலையில் இருந்திருக்கிறது. ஓலைகள் செல்லரித்துப் போயின. செம்பு மிஞ்சியதால் நமக்கு இது தெரிகிறது.

இதற்கு நேர் எதிரான கதையும் கெடாவிலேயே இருக்கிறது.

பினாங்கு அன்று கெடா சுல்தானுடையது. சயாமைக் கண்டு பயந்துகொண்டிருந்த சுல்தான் அப்துல்லா முக்கரம் ஷா, தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுக்கத் தயாராக இருந்தார். எதிரி வந்தால் கம்பெனி ஆளும் ஆயுதமும் அனுப்ப வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனைகளில் முக்கியமானது. நடுவில் இருந்தவர் ஒரே ஒருவர், பிரான்சிஸ் லைட். மலாய் பேசத் தெரிந்த வியாபாரி. சுல்தான் சொன்னதைக் கல்கத்தாவுக்குச் சொல்வதும் அவர்தான், கல்கத்தா சொன்னதைச் சுல்தானுக்குச் சொல்வதும் அவர்தான். படை உதவிக்குக் கம்பெனி உறுதி கொடுக்கவில்லை. ஆனாலும் 1786 ஆகஸ்ட் 11ஆம் தேதி லைட் தீவில் கொடியேற்றிவிட்டார். சுல்தான் பதிலுக்குக் காத்திருந்தார். நாள் போகப் போக, வராத பதில்தான் பதில் என்று அவருக்கு விளங்கியது. 1791இல் பிறை ஆற்றில் படகுகளைத் திரட்டித் தீவை மீட்கப் பார்த்தார். லைட் முந்திக்கொண்டு தாக்கினார். சுல்தானுக்கு மிஞ்சியது ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி. 1800இல் எதிர்க்கரையில் செபராங் பிறையையும் கொடுத்த பிறகு அது 10,000 ஆனது. நாணயத்தின் பெயர் மாறி, மலேசியா உருவாகி, 21ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகும் அந்த 10,000 கெடாவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

1821இல் சுல்தான் பயந்தது நடந்தது. சயாம் படை கெடாவுக்குள் புகுந்தது. அப்துல்லாவின் மகன் அகமது தாஜுதீன் தன் தகப்பன் கொடுத்த தீவுக்கே அகதியாக ஓடினார். பிரிட்டிஷார் கெடாவுக்காகப் போரிடவில்லை. 1826இல் சயாமோடு பர்னி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். கம்பெனி தெரிந்தேதான் கைவிட்டது என்று வாதாடலாம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சுல்தானின் நிபந்தனை ஒரே ஆளின் கை வழியாகப் போய், ஒரே ஆளின் கை வழியாகத் திரும்பி வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அங்கே ஓலை நாயகம் யாரும் இல்லை.

மூன்றாவது கதை நம்முடையது, தோட்டத்துக்காரர்களுடையது. கடாரத்து அரசன் விகாரம் எடுப்பித்த அதே நாகப்பட்டினத்தில்தான் நம் தாத்தா பாட்டிகள் பலர் கப்பல் ஏறினார்கள். சஞ்சிக்கூலிகளாகவும், பிறகு கங்காணி கூட்டிவந்த ஆட்களாகவும் பினாங்கில் இறங்கி, கெடாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தார்கள். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இந்திய அரசுக்கு ரொம்ப நாள் சொந்த வழி ஏதும் இல்லை. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பிறகுதான் கோலாலம்பூரில் இந்திய அரசின் ஏஜெண்ட் ஒருவர் நியமிக்கப்பட்டார். இந்தியாவே அடிமை நாடாக இருந்த காலம் என்பதால் தூதர் என்ற பேர் இல்லை. பார்த்தது தூதர் வேலைதான்.

ஏஜெண்ட் தோட்டங்களுக்குப் போவார். துரையைப் பார்ப்பார், லயத்தைப் பார்ப்பார், சம்பளப் பதிவேட்டைப் பார்ப்பார். வருடத்துக்கு ஓர் அறிக்கை எழுதுவார். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள், எத்தனை பேர் செத்தார்கள், ஆணுக்கு எவ்வளவு கூலி, பெண்ணுக்கு எவ்வளவு, கள்ளுக்கடை, தோட்டத்துப் பள்ளிக்கூடம் எல்லாம் அதில் வரும். அதை அச்சிட்டார்கள். அச்சில் வந்ததால் டில்லியில் அதிகாரி மாறினாலும் கணக்கு மாறவில்லை. சட்டசபையில் கேள்வி கேட்கிறவருக்கும் பத்திரிகைக்காரருக்கும் கையில் ஓர் எண் இருந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தில் கூலியை வெட்டினார்கள். 1936 கடைசியில் சீனிவாச சாஸ்திரி மலாயாவுக்கு வந்து பார்த்துவிட்டு, பழைய கூலியைத் திரும்பக் கொடுக்கவும் கங்காணி முறையை நிறுத்தவும் பரிந்துரை செய்தார். அவர் ரொம்ப மிதமாக எழுதிவிட்டார் என்று அன்றே பலருக்குக் கோபம். பிறகும் கூலி குறைப்பு வந்தபோது, 1938 ஜூன் 15 முதல் உதவி பெற்று மலாயாவுக்குப் போகும் தொழிலாளர் குடிபெயர்வை இந்திய அரசு தடை செய்தது. ஒரு காலனி அரசு இன்னொரு காலனி அரசைப் பார்த்து "இனிமே ஆள் கிடையாது" என்று சொல்ல வைத்ததில், வருடா வருடம் சேர்ந்த அந்த அறிக்கைகளுக்குப் பங்கு உண்டு. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது ஏஜெண்டாக இருந்தவர் சுபிமல் தத். அவரே பின்னால் நேரு காலத்தில் இந்தியாவின் வெளியுறவுச் செயலாளர் ஆனார்.

ஆனால் இதில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. அந்த அறிக்கைகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. பால் மரம் வெட்டியவர் தன் கூலியைப் பற்றி டில்லிக்கு என்ன போனது என்று படித்திருக்க முடியாது. "நான் சொன்னது அது இல்லீங்க" என்று திருத்தியிருக்கவும் முடியாது. 21 செப்பேடுகளில் நாட்டார் கையெழுத்துப் போட்ட இடம் ஒன்று இருக்கிறது. ஏஜெண்டின் அறிக்கையில் தொழிலாளிக்கு அப்படி ஓர் இடம் இல்லை. ஆனைமங்கலத்திலும் நாட்டார் என்றால் நிலம் உடையவர்கள்தான். உழுதவனை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பகிர்வதில் ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில், ஒரு துறைக்குத் தெரிந்தது இன்னொரு துறைக்குத் தெரியாமல் போனதுதான் குற்றம் என்றார்கள். தூதரகத் தந்திகளை ராணுவக் கணினிகளிலும் படிக்கும்படி திறந்துவிட்டார்கள். 2010இல் ஈராக்கில் இருந்த ஒரு ராணுவ ஊழியர் வழியாக அவற்றில் இரண்டரை லட்சம் தந்திகள் விக்கிலீக்ஸ் கைக்குப் போயின. உடனே வெளியுறவுத் துறை அந்த இணைப்பைத் துண்டித்தது. ஆனால் டிப்ளோபீடியாவை மூடவில்லை. அடுத்த வருடமே காரிடாரைத் தொடங்கவும் செய்தார்கள். ரகசியத்தைப் பூட்டி வைக்கலாம். அன்றாட வேலையின் அறிவைப் பூட்டினால் வேலையே நடக்காது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இன்று நம் ஊர் அலுவலகங்களில் வாட்சப் குழு இல்லாத பிரிவு கிடையாது. தகவல் பறக்கிறது. ஆனால் மூன்று வருடம் கழித்து அதைத் தேடி எடுக்க முடியுமா? கைப்பேசியை மாற்றினால் போச்சு. எழுதுகிற ஆள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்கிறவரும் பதிவேட்டில் ஏற்றுகிறவரும்தான் குறைவு.

2013 கடைசியில் பூஜாங் பள்ளத்தாக்கில் ஒரு பழைய சண்டியை, வீடமைப்புக்காக நிலத்தைத் திருத்தியபோது, இயந்திரம் வைத்து இடித்துவிட்டார்கள். தொல்லியலாளர்களின் பட்டியலில் அதற்கு 11 என்று எண் இருந்தது. படம் இருந்தது, ஆய்வுக் குறிப்பு இருந்தது. நிலமோ தனியார் பெயரில் இருந்தது. பாரம்பரியச் சின்னமாக அரசிதழில் பதியப்படவில்லை. ஓர் அலமாரியில் இருந்த எண் இன்னொரு அலமாரியின் நிலப்படத்தில் ஏறவே இல்லை. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய விகாரத்தின் எல்லை எதுவென்று ஆயிரம் வருடம் கழித்தும் செப்பேட்டைப் பார்த்துச் சொல்ல முடிகிறது. கடாரத்திலேயே இருந்த ஒரு சண்டியின் எல்லையை, புல்டோசர் ஓட்டி வந்தவருக்கு எடுத்துச் சொல்ல யாரும் இல்லை.