காயலான் கடைத் தராசில் ஒரு லேப்டாப்

பழைய வண்ணாரப்பேட்டை. எம்.சி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் காயலான் கடை. தராசில் ஒரு லேப்டாப். இரும்பு விலை போடுவதா, பிளாஸ்டிக் விலை போடுவதா என்று கடைக்காரர் யோசித்துக்கொண்டிருந்தார்.

கொண்டுவந்த அம்மாள் தவணைக்குப் புடவை விற்பவர். தெரிந்த முகம். "ஹார்டு டிஸ்க் பூட்ச்சாம் சார். யாரு எவ்ளோ பாக்கி தரணும்னு எல்லாம் இதுலதான் போட்டு வச்சேன்" என்றார். கம்பெனித் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால் பெயர் வாங்கிய ஊர் இது. இன்றும் துணிதான் இங்கே பலருக்குச் சோறு.

பி.காம். படித்தவன் காதில் 'பாக்கிக் கணக்கு' விழுந்தால் சும்மா இருக்க முடியுமா? தராசிலிருந்து லேப்டாப்பை இறக்கச் சொன்னேன்.

எங்கள் படிப்பில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டருக்கு வருடம் 40 சதவிகிதம். (2017க்கு முன் இன்னும் மோசம், 60!) 30,000 ரூபாய் லேப்டாப்புக்கு ஐந்தே வருடத்தில் ஏட்டில் மிஞ்சுவது 2,333 ரூபாய். ஏடு அப்படித்தான் சொல்லும். ஆனால் கெட்டது ஹார்டு டிஸ்க் ஒன்றுதான். திரை, கீபோர்டு, பிராசஸர், ரேம் எல்லாம் கல்லு மாதிரி இருக்கின்றன. பிறகு ஏன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது?

ஆபரேட்டிங் சிஸ்டம் ஹார்டு டிஸ்க்கில் குடியிருக்கிறது. வீடு இடிந்ததும் குடியிருந்தவரும் காணோம். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் கம்ப்யூட்டருக்கு ஹார்டு டிஸ்க் கட்டாயம் என்று யார் சொன்னது? 1956-ல் ஐ.பி.எம். செய்த முதல் ஹார்டு டிஸ்க்கில் 50 தட்டுகள், கொள்ளளவு ஐந்தே எம்.பி.! அதே ஐ.பி.எம். 1981-ல் பர்சனல் கம்ப்யூட்டரை விற்றபோது அதில் ஹார்டு டிஸ்க்கே கிடையாது. ஃபிளாப்பியைச் செருகினால் எழுந்திருக்கும். 10 எம்.பி. டிஸ்க்கோடு எக்ஸ்.டி. மாடல் வந்தது 1983-ல்தான். அப்புறம் டிஸ்க் இல்லாமலும் வாழலாம் என்பதையே மறந்துவிட்டோம்.

அதை நினைவுபடுத்தியவர்களில் முக்கியமானவர் ஜெர்மன் இன்ஜினீயர் கிளவுஸ் க்னாப்பர். போகிற இடத்தில் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே தன்னுடைய லினக்ஸ் கருவிகளைப் பயன்படுத்த ஆசைப்பட்டார் மனிதர். லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் ஆரம்பித்துவைத்த லினக்ஸ் யார் வேண்டுமானாலும் பிரித்து மேயக்கூடிய சமாசாரமாயிற்றே! 2 ஜி.பி. அளவு சரக்கைச் சுருக்கி, 700 எம்.பி. சி.டி.க்குள் அடைத்தார். தேவைப்படும் பகுதி மட்டும் அவ்வப்போது விரிந்து ரேமில் வந்து உட்காரும். ஹார்டு டிஸ்க்கைத் தொடவே தொடாது. 2000-ல் வந்த அதன் பெயர் க்னாப்பிக்ஸ். (பார்வைக் குறைபாடுள்ள மனைவிக்காகப் பிற்பாடு பேசும் வசதியையும் சேர்த்து, அதற்கு ஏட்ரியான் என்று அவர் பெயரையே வைத்தார். நாமெல்லாம் புடவை வாங்கிக் கொடுத்துத் தப்பித்துக்கொள்கிறோம்.)

2003-ல் ஆஸ்திரேலியாவின் பாரி காலர் 'பப்பி லினக்ஸ்' கொண்டுவந்தார். பழைய கம்ப்யூட்டர்களுக்கு வரப்பிரசாதம். மொத்தமும் ரேமுக்குள் ஏறிவிடும்.

நம்மூரும் சும்மா இல்லை. சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007-ல் வந்தது. 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு கூடவே அதுவும் பிள்ளைகள் கைக்கு வந்தது. அந்த இரண்டாவது கதவைத் திறந்து பார்த்தவர் உங்கள் வீட்டில் யாராவது உண்டா?

சரி, அந்த அம்மாளின் லேப்டாப்புக்கு வருவோம்.

பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, யு.எஸ்.பி. வழியாகக் கிளம்பச் சொன்னேன். இரண்டு நிமிடம். திரை எழுந்தது! ஆனால் கணக்கு? அது இழுத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் அல்லவா இருக்கிறது? இங்கேதான் பலர் தப்புச் செய்கிறார்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து, மிச்சமிருக்கும் உயிரையும் வாங்கிவிடுவார்கள். 2004-ல் அன்டோனியோ டியாஸ் என்பவர் எழுதிய 'டி.டி.ரெஸ்க்யூ' என்ற லினக்ஸ் புரோகிராம் வேறு ரகம். நல்ல பகுதிகளை முதலில் நகலெடுக்கும். கெட்ட இடத்தில் மல்லுக்கட்டாமல் குறித்துக்கொண்டு தாண்டிப் போகும். கடைசியில் திரும்பி வந்து அந்த இடங்களைச் சுரண்டிப் பார்க்கும். தட்டுத் தடுமாறி நடக்கிற டிஸ்க்குக்குத்தான் இந்த வைத்தியம். 'டிக் டிக்' என்று அடித்துக்கொள்ளும் டிஸ்க் என்றால் நிபுணரிடம் போக வேண்டியதுதான்.

இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து முடிக்க ராத்திரி முழுக்க ஆயிற்று. பேரன் போட்டோக்களில் பாதி போயே போச்சு. அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ஆனால் பாக்கிக் கணக்கு முழுசாகத் தேறியது.

இப்போது லேப்டாப் பென்டிரைவிலேயே ஓடுகிறது. கணக்குக்கு இரண்டு நகல். கழற்றிய ஹார்டு டிஸ்க்கைக் காயலான் கடைக்காரர் தராசில் வைத்துப் பார்த்தார். 100 கிராம் சொச்சம்.

"இதுக்கு இன்னாத்த சார் தர்றது?" என்றார். அவர் வீட்டுக்காரம்மா பெயரும் அந்தப் பாக்கிப் பட்டியலில் இருந்தது. நான் சொல்லவில்லை.