எந்தத் துப்பாக்கி நல்ல துப்பாக்கி?

வேட்டைக் கதைன்னாலே எல்லாரும் புலியைப் பத்தித்தான் பேசுவோம். எனக்கென்னமோ ஜிம் கார்பெட்டைப் படிச்சா கண்ணு துப்பாக்கி மேலயே போகுது. இன்ஜினியர் புத்தி, என்ன செய்ய :-)

1907. குமாவூன் மலையில் சம்பாவத். நேபாளத்திலும் குமாவூனிலுமாக 436 பேரைக் கொன்ற பெண்புலி. கார்பெட் கையில் பாயிண்ட் 500 இரட்டைக்குழல் ரைபிள். அடி பலமா விழும். ஆனா அன்னிக்கு அவர் எடுத்துட்டுப் போனது மூணே தோட்டா. மூணும் தீர்ந்துபோச்சு, புலி சாகலை. ஓடிப்போய் தாசில்தார் துப்பாக்கியை வாங்கினார். அதுவோ குழலுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே இடைவெளி தெரியற அளவுக்கு லொடலொட. வாய்க்குக் குறிவைத்த குண்டு காலில் போய்ப் பட்டது! முதலிலேயே பட்டிருந்த காயத்தால்தான் புலி செத்தது.

இதற்காக ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஹ்யூவெட் பரிசாகக் கொடுத்ததுதான் ரிக்பி பாயிண்ட் 275. உள்ளே போவது ஜெர்மன் 7 மி.மீ. மௌசர் தோட்டா. பேர் மட்டும் லண்டன் ரிக்பி கம்பெனி வைத்தது. பழைய 500-க்குப் பக்கத்தில் வைத்தால் குண்டு பொடிசு. ஆனா கனம் கம்மி, குறி சுத்தம்.

கனம் கம்மின்னா என்ன லாபம்? 1930-ல் சௌகர் புலியைத் தேடிப் போனபோது கார்பெட்டின் இடது கையில் பறவை முட்டைகள். திரும்பினால் சில அடி தூரத்தில் புலி. ஒற்றைக் கையாலேயே ரைபிளை மெல்லத் திருப்பிச் சுட்டார். கனமான இரட்டைக்குழலாக இருந்திருந்தால் நினைக்கவே பயமா இருக்கு. 1926-ல் ருத்ரபிரயாக் சிறுத்தையைச் சுட்ட இரவில் துணைக்கு இருந்தது ரைபிளில் கட்டிய டார்ச் லைட். அதுவும் ஒரு நொடி எரிந்துவிட்டு அணைந்துவிட்டது. அந்த ஒரு நொடி போதுமாயிருந்தது.

இதுவரை ஹீரோ கதை. என்னை உறுத்துவது வேற. சம்பாவத் புலி செத்தபிறகு வாயைப் பார்த்தால், வலப்பக்கம் மேல் கோரைப்பல் பாதி உடைஞ்சிருக்கு, கீழ்ப்பல் எலும்பு வரைக்கும் காணோம். பழைய குண்டுக் காயம். அதனால்தான் காட்டு இரையை விட்டுவிட்டு அது மனிதர்களைப் பிடித்தது என்கிறார் கார்பெட்.

அதாவது யாரோ ஒருத்தர், ஏதோ ஒரு துப்பாக்கியால், குறி தப்பிச் சுட்டிருக்கார். காயம்பட்ட புலியைத் தேடிப் போய் முடிக்காமல் விட்டுட்டார். அவர் பேர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை. விலை கொடுத்தது 436 பேர்.

1972 சட்டத்துக்கு அப்புறம் புலியைச் சுடுவது குற்றம். ரிக்பி துப்பாக்கியும் லண்டனுக்கே திரும்பிப் போயிடுச்சு. நல்ல துப்பாக்கி எதுன்னு கேட்டால் பாயிண்ட் 275-ன்னு சொல்ல ஆசைதான். ஆனா அந்த முதல் ஆள் சுடாமலே வீட்டில் மாட்டி வெச்சிருந்தா, அதுதான் எல்லாத்தையும் விட நல்ல துப்பாக்கி.