கைமாறிப் போன பாட்டும் காணாமல் போன காட்சியும்: லவ் மீ டுநைட் (1932)

பேசும்படம் வந்த புதிதில் சினிமாவுக்கு வாய் வந்தது, ஆனால் கால் போய்விட்டது. மௌனப்படக் காலத்தில் இஷ்டத்துக்கு ஓடித் திரிந்த கேமராவை, அதன் இரைச்சல் மைக்கில் விழுகிறது என்று சொல்லி ஒரு அறைக்குள் அடைத்தார்கள். மைக் எங்கே ஒளிந்திருக்கிறதோ, அதைச் சுற்றியே நடிகர்கள் நின்று பேசினார்கள். அந்த நிலைமையிலும் ஹாலிவுட் வரிசையாக மியூசிக்கல்களை எடுத்துத் தள்ளியது. 1930 முடிவதற்குள் ஜனங்களுக்கு அலுத்துப் போச்சு.

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே வர வழி காட்டிய படங்களில் ஒன்று, பாரமவுண்ட் 1932-ல் வெளியிட்ட 'லவ் மீ டுநைட்'. இயக்கியவர் ரூபன் மமூலியன். 1897-ல் திஃப்லிஸில் (இன்றைய திபிலீசி) பிறந்த ஆர்மீனியர், நாடக மேடையிலிருந்து வந்தவர். பாடல்கள் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், லோரன்ஸ் ஹார்ட் ஜோடி.

கதை ரொம்ப சிம்பிள். மாரிஸ் ஷெவாலியே பாரிஸில் ஒரு தையற்காரர். பிரபு வீட்டுப் பையன் ஒருத்தன் சூட்டு சூட்டாகத் தைத்துக்கொண்டு காசு தராமல் டிமிக்கி கொடுக்கிறான். பாக்கியை வசூல் பண்ண அவர்களுடைய கோட்டைக்கே போகிறார் தையற்காரர். மாட்டிக்கொண்ட பையன் அவரை 'பேரன்' என்று பொய் சொல்லி அறிமுகப்படுத்துகிறான். அங்கே இளம் விதவையான இளவரசி, ஜீனெட் மெக்டொனால்ட். மீதியை நீங்களே ஊகித்துவிடலாம்.

விஷயம் கதையில் இல்லை, சத்தத்தில் இருக்கிறது. படம் ஆரம்பிப்பது பாரிஸின் விடியற்காலையில். மணி அடிக்கிறது. ரோடு போடுகிறவரின் கடப்பாரை, ஒருத்தரின் குறட்டை, துடைப்பம், ரம்பம், செருப்பு தைப்பவரின் சுத்தியல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து தாளம் கட்டுகின்றன. ஒரு தெருவே வாத்தியக் கோஷ்டி ஆகிவிடுகிறது. 1927-ல் நியூயார்க் மேடையில் 'போர்கி' நாடகத்துக்காக மமூலியன் செய்து பார்த்த உத்தி இது.

அடுத்து வருவதுதான் என்னைத் திரும்பத் திரும்ப ரீவைண்ட் பண்ண வைத்தது. தையற்காரர் கடையில் 'இஸின்ட் இட் ரொமான்டிக்' பாட்டைப் பாடுகிறார். வாடிக்கையாளர் அதை முணுமுணுத்தபடி தெருவில் இறங்குகிறார். டாக்ஸி டிரைவர் பிடித்துக்கொள்கிறார். டாக்ஸியில் ஏறிய இசையமைப்பாளர் அதைக் குறித்துக்கொண்டு ரயிலேறுகிறார். ரயிலில் இருக்கும் சிப்பாய்கள் வழியாக அது அணிவகுப்புப் பாட்டாகிறது. அதைக் கேட்ட ஜிப்ஸி ஒருவனின் வயலினுக்குத் தாவி, கடைசியில் கோட்டை பால்கனியில் நிற்கும் இளவரசியின் காதில் விழுகிறது. ஹீரோவும் ஹீரோயினும் இன்னும் சந்திக்கவே இல்லை! ஆனால் ஒரே பாட்டைப் பாடிவிட்டார்கள்.

மெட்டு ஒன்றுதான், கனவு வேறு. தையற்காரருக்குச் சமையலும் வீட்டு வேலையும் பார்க்கிற பெண்டாட்டி வேண்டும். இளவரசிக்குக் கவசம் போட்ட ராஜகுமாரன் வேண்டும். படத்தின் மொத்த வர்க்க மோதலும் அந்தச் சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. இதை மேடையில் செய்ய முடியாது. ரேடியோவிலும் செய்ய முடியாது. படத்துண்டும் ஒலித்துண்டும் தாளத்தோடு ஒட்டினால்தான் முடியும்.

கிரிக்கெட் பைத்தியங்களுக்கு ஒரு உபரி செய்தி: கோட்டையின் பெரியவரான டியூக்காக வரும் சி. ஆப்ரி ஸ்மித், இங்கிலாந்து டெஸ்ட் கேப்டனாக இருந்தவர். 1889-ல் தென்னாப்பிரிக்காவில் ஆடியது ஒரே டெஸ்ட், அதிலேயே கேப்டன். எழுபதை நெருங்கும் வயதில் அந்த மனுஷன் இதில் 'மிமி' என்ற காதல் பாட்டைக் குஷியாகப் பாடுகிறார்.

அந்த 'மிமி'யில்தான் சோகமும் இருக்கிறது. கோட்டையில் இருப்பவர்கள் காலையில் எழுந்து ஆளுக்குக் கொஞ்சமாக அதைப் பாடுவார்கள். அதில் மிர்னா லாய் பாடிய பகுதியும் இருந்தது. 1934-ல் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் இறுகின. பழைய படங்களை மறுபடி திரையிட வேண்டுமென்றாலும் அந்த விதிகளுக்கு உட்பட வேண்டும். மிர்னா லாய் போட்டிருந்த இரவு உடை ஆபாசம் என்று அந்தப் பகுதி வெட்டப்பட்டது. கூடவே வேறு சில இடங்களும் போயின. 104 நிமிடப் படமாக வெளியானது, முழுசாக இன்று எங்கேயும் இல்லை. வெட்டிய துண்டுகள் இன்றுவரை கிடைக்கவில்லை.

எங்கள் தொழிலில் சோர்ஸை மாற்றுவதற்கு முன்னால் ஒரு காப்பி எடுத்து வைப்பது பாலபாடம். அன்றைக்கு ஸ்டுடியோக்களுக்கு அந்த எண்ணமே இல்லை. ஓடி முடிந்த படம் பழைய சரக்கு, அவ்வளவுதான். 1990-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இதைச் சேர்த்தார்கள். பாதுகாக்க வேண்டிய படம் என்ற அங்கீகாரம் வந்தபோது, பாதுகாக்க மிஞ்சியிருந்தது வெட்டுப்பட்ட பிரதிதான்.

இருக்கிறதையாவது பார்த்துவிடுங்கள். முதல் கால் மணி நேரத்துக்கு ஹெட்ஃபோன் போட்டுக்கொள்வது நல்லது. 'மிமி' ஒவ்வொருவராகக் கைமாறும் இடம் வரும்போது, நடுவில் ஒரு குரல் குறைகிறது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.