துரத்த வேண்டியது பணத்தை

1906 அக்டோபர் 22 அன்று சென்னைக் கடற்கரைச் சாலையில் பெருமதிப்போடு இயங்கிவந்த ஆர்பத்நாட் கம்பெனி கைவிரித்தது. வாழ்நாள் சேமிப்பை அங்கே போட்டுவைத்தவர்களுக்கு நீதிமன்றத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் அவர்கள் பக்கம் நின்றார். கம்பெனியை நடத்திவந்த ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு மோசடிக்காக 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. அந்த அடியின் விளைவாகவே 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி தொடங்கப்பட்டது. நியாயமான பெருமைதான். ஆனால் பணத்தைப் பறிகொடுத்தவருக்குச் சிறைத்தண்டனையோ புதிய வங்கியோ பணத்தைத் திருப்பித் தரவில்லை. திவாலான சொத்தில் மிஞ்சியதற்காக அவர் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. அன்று முதல் இன்றுவரை மோசடிக்குப் பின்னான பரிகாரத்தின் வரலாறு, ஆளைத் துரத்துவதிலிருந்து பணத்தைத் துரத்துவதை நோக்கி மெதுவாக நகர்ந்த வரலாறு என்றே நான் கருதுகிறேன்.

அதன் அடுத்த கட்டமும் தமிழ்நாட்டிலேயே நடந்தது. 1990களில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு முளைத்து மூடப்பட்டபோது, 1997இல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிறுவனத்தின் சொத்தை முடக்கி, தனி நீதிமன்றம் வழியாக விற்று, பணம் போட்டவர்களுக்குப் பங்கிடுவது அதன் வழி. உச்ச நீதிமன்றம் 2011இல் அதைச் செல்லும் என்றது. ஆனாலும் வேகம் போதவில்லை. இணைய வழி அந்நியச் செலாவணி வணிகம் என்று சொல்லிப் பணம் திரட்டிய திருப்பூர் பாசி நிறுவனத்தின் மீது 2009இல் வழக்குப் பதிவானது. அதன் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது 2022இல்.

இன்றைய இணைய மோசடிக்காரனுக்கோ முடக்குவதற்குக் கட்டடமும் இல்லை, நிலமும் இல்லை. பணம் சில நிமிடங்களில் வாடகைக்கு எடுத்த கணக்குகள் பலவற்றைக் கடந்து, ஏடிஎம்மில் நோட்டாகவோ கிரிப்டோவாகவோ வெளியேறிவிடுகிறது. 2021இல் 155260 என்று தொடங்கி, பிறகு 1930 ஆக மாறிய உதவி எண் இதற்காகவே அமைந்தது. புகார் பதிவானதும் பணம் போன வங்கிக்குத் தகவல் போகும். அங்கே இருந்தால் நிறுத்திவைக்கப்படும், தாண்டியிருந்தால் அடுத்த வங்கிக்குத் தகவல் தொடரும். ஆகவே ஏமாந்தது தெரிந்த நிமிடமே 1930ஐ அழைத்து, பரிவர்த்தனை எண்ணைச் சொல்லி, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் எழுதுவதும் காவல் நிலையம் போவதும் அதற்கு அடுத்தவை. அவமானத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடுபவர்கள் தங்கள் சாட்சியத்தைத் தாங்களே அழிக்கிறார்கள். போன பணத்தை மீட்டுத் தருவதாகக் கட்டணம் கேட்டு வருபவன் பெரும்பாலும் இரண்டாவது மோசடிக்காரன்.

ஓடிபியைத் தானே சொன்னவருக்கு என்ன பரிகாரம் என்று கேட்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை இதற்கு விடை வைத்திருக்கிறது. வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு இழப்பே இல்லை. வாடிக்கையாளரின் கவனக்குறைவே காரணம் என்றாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. அதாவது தவறு செய்தவருக்கும் விரைந்து சொல்வதில் பலன் உண்டு. வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

கணக்கை உடனே முடக்கும் இந்த வழிக்கு இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று உண்டு. மோசடிப் பணத்தில் சிறு தொகை தன் கணக்குக்கு வந்ததற்காக, ஒன்றுமறியாத கடைக்காரரின் கணக்கு முழுவதும் முடங்கிவிடுகிறது. இது உண்மையான அநீதி. சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்தினால் போதும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னதே சரியான வழி. வேகத்தைக் குறைக்காமல் அளவைக் குறைக்கலாம். புகார் கொடுத்தவரும் நிறுத்தம் விழுந்ததோடு ஓய்ந்துவிட முடியாது. அந்தத் தொகை தானாகத் திரும்பிவிடும் என்று இருக்காமல், விசாரணை அதிகாரியிடம் எந்த வங்கியில் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டறிந்து, தேவையானால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும்.