துணையை மிரட்டி கட்டுப்பாட்டில் வைத்தால் ஜெயில்... அப்பீல் போனால் தண்டனை குறையுமா? பிரிட்டன் சட்டம் சொல்வது என்ன?

ஒரு அடிகூட அடிக்கவில்லை, ஆனாலும் ஜெயில். இங்கிலாந்து, வேல்ஸில் இதற்கு சட்டம் இருக்கிறது. போனை சோதிப்பது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, பிறந்த வீட்டோடு பேசவிடாமல் தடுப்பது என ஒருவரை தொடர்ந்து பயத்திலேயே வைத்திருப்பதற்குப் பெயர் 'கோயர்சிவ் கன்ட்ரோல்'. 2015-ம் ஆண்டு சட்டப்படி அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. 2023 ஏப்ரல் முதல், பிரிந்துபோன துணையை மிரட்டினாலும் இதே குற்றம்தான்.

எத்தனை நாள் டைம்?

கிரவுன் கோர்ட் தண்டனை கொடுத்தால், 28 நாட்களுக்குள் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டும். முதலில் ஒரே ஒரு நீதிபதி ஆவணங்களைப் படித்து முடிவு சொல்வார். மாஜிஸ்திரேட் கோர்ட் தண்டனை என்றால் 15 வேலை நாட்களுக்குள் கிரவுன் கோர்ட்டுக்குப் போகலாம், அனுமதி தேவையில்லை.

என்ன காரணம் சொல்லலாம்?

'தண்டனை கொஞ்சம் ஜாஸ்தி' என்றால் போதாது. வெளிப்படையாகவே மிக அதிகம், அல்லது சட்டப்படி தவறு என்று காட்ட வேண்டும். உதாரணமாக, குற்றத்தை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டால் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டிருந்தால் அப்பீலுக்கு வலு உண்டு.

'அவங்களே மன்னிச்சுட்டாங்க' என்றால்?

பெரும்பாலும் எடுபடாது. குற்றத்தின் தீவிரம்தான் தண்டனையை முடிவு செய்யும், பாதிக்கப்பட்டவரின் விருப்பம் அல்ல என்கிறது தண்டனை வழிகாட்டுதல். அந்த மன்னிப்பே மிரட்டி வாங்கியதாக இருக்கலாமே! 'குடும்பத்துக்குள்ள நடந்தது' என்பதும் சலுகை அல்ல. குற்றத்தை இன்னும் தீவிரமாக்கும்.

ரிஸ்க் உண்டா?

உண்டு. மாஜிஸ்திரேட் கோர்ட் தண்டனையை எதிர்த்துப் போனால், கிரவுன் கோர்ட் அதைக் கூட்டவும் முடியும். மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்றவாளியின் அப்பீலில் தண்டனையைக் கூட்டாது. ஆனால் அடிப்படையே இல்லாத அப்பீல் என்றால், காத்திருந்த நாட்களில் ஒரு பகுதி தண்டனைக் காலத்தில் சேராது என உத்தரவிடலாம். அப்பீல் போட்டாலே ஜாமீன் கிடைக்கும் என்றும் நினைக்க வேண்டாம், அது அபூர்வம்.

பாதிக்கப்பட்டவர் என்ன செய்யலாம்?

கிரவுன் கோர்ட் தண்டனை ரொம்பக் குறைவு என்று தோன்றினால், 28 நாட்களுக்குள் அட்டர்னி ஜெனரலிடம் மறுபரிசீலனை கேட்கலாம். பாதிக்கப்பட்டவர்தான் கேட்க வேண்டும் என்றில்லை, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அவர் வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பினால், அங்கே தண்டனை கூடவும் வாய்ப்பு உண்டு.