மானிப்பாயில் ஓர் அமெரிக்க வைத்தியர்

தாயகத்தை விட்டுப் பிறநாட்டிற் பணியாற்றச் செல்வோர்க்கு இரு வழிகள் உள. தம் மொழியையும் வழக்கத்தையும் மதிலாக எழுப்பி, அதனுள் இருந்துகொண்டே கடமையைச் செய்தல் ஒன்று. சென்ற இடத்து மக்களின் மொழிக்குள் நுழைந்து, அங்கிருந்து கடமையைத் தொடங்குதல் மற்றொன்று. முன்னது எளிது, பின்னது அரிது. அவ்வரிய வழியை மேற்கொண்டவர்களுள் ஒருவரை யாழ்ப்பாண வரலாறு நன்கறியும். அவரே வைத்திய கலாநிதி சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரர் நகரிற் பிறந்த கிறீன், நியூயோர்க்கில் மருத்துவம் கற்று, அமெரிக்க மிசனின் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தடைந்தார். அவருக்கு முன்னரே யோன் ஸ்கடர் பண்டத்தரிப்பிலும், நேதன் உவாட் வட்டுக்கோட்டையிலும் மேனாட்டு வைத்தியம் செய்திருந்தனர். கிறீன் 1848இல் மானிப்பாயைத் தம் நிலையமாக்கிக் கொண்டார். நோயாளரைப் பார்ப்பதோடு அமையாது, உள்ளூர் இளைஞர்க்கு வைத்தியம் கற்பிக்கவும் தொடங்கினார்.

புதிய சூழல் எளிதாக இருக்கவில்லை. பரம்பரை வைத்தியரையே நம்பி வாழ்ந்த மக்களுக்குக் கத்தி கொண்டு செய்யும் சிகிச்சை அச்சத்தை விளைத்தது. நோயாளி தன் வருத்தத்தைச் சொல்வது தமிழில். வைத்தியர் பயின்ற நூல்களோ ஆங்கிலத்தில். இவ்விடைவெளியைத் தாண்டும் பொறுப்பு நோயாளியுடையதன்று, தம்முடையதே என உணர்ந்த கிறீன், தமிழை முயன்று கற்றார். மேலும், தம்மிடம் பயில்வோர் மேனாட்டு உடையும் நடையும் பூண்டு தம் சுற்றத்தாருக்கு அந்நியராதலை அவர் விரும்பவில்லை. அவர்கள் தமிழராகவே வாழவேண்டும் என்பது அவர் கருத்து.

தொடக்கத்தில் வகுப்புகள் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன. அதன் விளைவை அவர் கண்கூடாகக் கண்டார். ஆங்கிலம் கற்றவர்க்கு அரசாங்க உத்தியோகம் வேறிடங்களிற் காத்திருந்தது. எந்தக் கிராமங்களை எண்ணி அவர் இளைஞரைப் பயிற்றினாரோ, அக்கிராமங்களிற் பலர் தங்கவில்லை. ஏறக்குறையப் பத்தாண்டுப் பணியின் பின் தாயகம் சென்ற கிறீன், 1862இல் மனைவியுடன் திரும்பியபோது தம் முடிவையும் கொண்டு வந்தார். 1864 முதல் மேனாட்டு வைத்தியம் மானிப்பாயிலே தமிழிற் கற்பிக்கப்பட்டது.

இம்முடிவை எல்லாரும் வரவேற்கவில்லை. தமிழில் வைத்தியம் படித்தவனுக்கு யார் வேலை தருவார் என்ற அச்சம் மாணாக்கரிடையே எழுந்தது. ஆங்கிலமே ஆட்சிமொழியாயிருந்த அக்காலத்தில் அவ்வச்சம் வீண் அச்சமன்று. ஆயினும் கிறீன் தம் நிலையினின்று பெயரவில்லை.

கற்பிக்க நூல்கள் வேண்டுமன்றோ? மாணாக்கரையும் துணைக்கொண்டு அவற்றை அவரே ஆக்கினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் எனப் பெரு நூல்கள் வெளிவந்தன. கலைச்சொற்களை ஆக்குவதில் ஒரு முறை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழ்ச்சொல்லைத் தேடினார். கிடையாதவிடத்து வடமொழியை நாடினார். அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு இசையத் திரித்துக் கொண்டார். கெமிஸ்தம் என்ற பெயரே அதற்குச் சான்று.

அவர் குறைகளற்றவர் எனல் பொருந்தாது. அவர் வந்த நோக்கம் சமயப்பணி. வைத்தியம் அதற்குத் துணையாயிற்று. நாட்டு வைத்தியத்தை அவர் உயர்வாக மதித்தாருமல்லர். எனினும் தமிழ்மொழி எந்த அறிவியலையும் தாங்கவல்லது என்ற அவரது நம்பிக்கை, அக்காலத்துத் தமிழர் பலரிடமும் காணப்படாத ஒன்று.

அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றியபின், 1873இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார். அவருக்குப் பின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நிலைக்கவில்லை. கொழும்பில் 1870இல் ஆங்கில மொழியில் தொடங்கிய மருத்துவக் கல்லூரியே நாட்டின் வைத்தியரை உருவாக்கலாயிற்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், 1967இல், ஈழத்துக் கவிஞர் அம்பி ‘கிறீனின் அடிச்சுவடு’ என்னும் நூலால் அவர் பணியை மீண்டும் தமிழுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தார்.

வூஸ்ரர் திரும்பிய பின்னரும் கிறீன் தமிழை விடவில்லை. இலைகளையும் உதிர்க்கும் கடுங்குளிர் நாட்டிலிருந்து, தம் தமிழ் நூல்களைத் திருத்தியும் விரித்தும் வந்தார். 1884இல் அவர் இறந்தபோது, தமிழருக்கு ஊழியம் செய்த வைத்தியர் என்ற செய்தியே அவர் கல்லறையிற் பொறிக்கப்பட்டது. அந்நியராய் வந்த ஒருவர், தம் சொந்த மண்ணில் உறங்கும்போதும், தாம் வாழ்ந்த பிறிதொரு மண்ணின் மக்களைக் கொண்டே அறியப்பட விரும்பினார். பிறநாட்டிற் பணியாற்றச் செல்வோர் எண்ணிப் பார்க்கத்தக்க வாழ்வு அது.